மரச்செக்குக் கடலை எண்ணெய்: செக்கில் போடுவதற்கு முன் நடக்கும் வேலையைப் பற்றி ஒரு மதிப்பீடு

அவிநாசியிலிருந்து சேவூர் செல்லும் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு மரச்செக்குக் கடையில்தான் சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்குக் கடலை எண்ணெய் வாங்கி வருகிறோம். எண்ணெய் மணமாக இருக்கிறது, தாளித்தால் அடுத்த வீட்டுக்கும் தெரிகிறது, விலையும் ஊர் விலைதான் என்று நான்கு வரியில் இந்த மதிப்பீட்டை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கடையைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் வேறு. நிலக்கடலையில் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு, நம் அன்றாடச் சாப்பாட்டின் வழியாகக் கல்லீரலைத் தாக்கக்கூடிய கொடிய பொருள்களில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த நஞ்சைத் தடுக்கும் வேலை கடலையைப் பொறுக்கும் இடத்திலேயே முடிந்துவிட வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு நடத்தப்படும் கடை இது. குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரிய குறை.

கடையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். குறைகளையும் சேர்த்து எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். வாசிப்பவர்கள் தத்தம் ஊரில் உள்ள செக்குக் கடையை இதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, காய்ந்த மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த பூஞ்சணங்கள் எளிதில் வளரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்ததன் வழியாகத்தான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், காலம் தவறிப் பெய்த மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ன வேண்டியிருந்த ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களின் ஏழை மக்களிடையே மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் பரவின. பதிவான 397 நோயாளிகளில் 106 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டு நாய்களுக்கும் அதே நோய் கண்டது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான் இந்தச் சாவுகளுக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார்கள். அந்த அளவுக்கு நஞ்சு ஒரே சமயத்தில் உடலுக்குள் போவது அரிது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதே நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள ஆபத்து. அதற்குக் காய்ச்சலோ வாந்தியோ அடையாளமாக வருவதில்லை.

உடலுக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையில் நான் குறை சொல்லும் ஒரு பொருளுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. குடலில் உறிஞ்சப்படும் அஃப்லாடாக்சின் பி1 நேராகக் கல்லீரலுக்குச் செல்கிறது. வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள்களை மாற்றிக் கழிப்பதற்காகவே அங்கு அமைந்திருக்கும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதன்மீது வேலை செய்யும்போது, எபாக்சைடு என்ற வீரியம் மிக்க வடிவம் உண்டாகிறது. குளூட்டத்தயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்துக்கொண்டால் அது பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். பிடிக்கத் தவறினால் உயிரணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, கட்டிகள் உருவாகாமல் தடுக்கும் பி53 மரபணுவைப் பழுதாக்கிவிடும். நஞ்சைக் கழிக்க முயலும் நொதியே அதை வீரியமாக்குகிறது என்பதால், கல்லீரலைத் தூண்டிவிட்டு நஞ்சை வெளியேற்றுவதாகச் சொல்லப்படும் மருந்துகளும் பொடிகளும் இந்த இடத்தில் பயன்படும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. உடலுக்குள் போகும் அளவைக் குறைப்பதுதான் வழி.

சமையலால் தீருமா என்றால், தீராது. இந்த நஞ்சு முழுமையாகச் சிதைவதற்கு 230 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். நாம் பலகாரம் சுடும் எண்ணெய் 180 டிகிரியை ஒட்டித்தான் காய்கிறது. கடலையை வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான்.

இனி கடைக்கு வருகிறேன். சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்திலும், தெரிந்த விவசாயிகளிடம் நேராகவும் கடலைக்காயை ஓட்டோடு வாங்குகிறார்கள். பருப்பாக உடைத்து வருவதை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய முதல் நல்ல முடிவு. உடைப்பு ஆலைகள் பலவற்றில், பருப்பு இரண்டாகப் பிளந்து விலை குறையாமல் இருப்பதற்காக, காய்ந்த கடலைக்காயின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு அதன் பிறகு இயந்திரத்தில் போடுவார்கள். அந்த ஈரம் முழுவதும் காயாமலேயே மூட்டை கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போகும்போது, வயலில் தப்பித்த கடலைக்கும் பூஞ்சணம் பிடிக்கிறது. இந்தக் கடையில் காய்ந்த காயைக் காய்ந்தபடியே உடைக்கிறார்கள். பாதிக்குப் பாதி பருப்பு பிளந்து விழுகிறது, ஆட்டுவதற்குத்தானே என்று அதைப் பொருட்படுத்துவதில்லை. பிளந்த பருப்பு சீக்கிரம் காறிவிடும் என்பதால், உடைத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் செக்கில் போட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கை கடலைக்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்க்கிறார் கடைக்காரர். பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஒலித்தால் காய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பழைய வழியோடு நிற்காமல் ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார், பருப்பில் ஈரம் 7 சதவீதத்தைத் தாண்டினால் களத்தில் மறுபடியும் காயப்போடச் சொல்கிறார். செக்குக் கடைகளில் இந்தக் கருவியை நான் அதிகம் பார்த்ததில்லை. மரச்செக்கு, வாகை மர உலக்கை, மெதுவாகச் சுற்றுவதால் சூடேறாத எண்ணெய் என்று எல்லாக் கடைகளும் விளம்பரப் பலகை வைக்கின்றன. ஈரப்பதத்தை எழுதி வைத்த பலகை எங்கும் கிடையாது.

பொறுக்கும் இடம் கடையின் கிழக்குப் பக்கத்தில், சன்னலை ஒட்டி இருக்கிறது. வெள்ளைத் தார்ப்பாய் விரித்த நீண்ட மேசையின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து, பருப்பை மெல்லிய அடுக்காகப் பரப்பி, சுருங்கியவை, தோல் கருத்தவை, பூச்சி துளைத்தவை, முளை வெளியே வந்தவை என்று விரலால் தள்ளித் தள்ளிப் பிரிக்கிறார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வயதில் மூத்த ஓர் அம்மா, எனக்கு நல்ல பருப்பாகவே தெரிந்த ஒன்றை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினார். வெளியே தோல் வழவழப்பாகச் சிவந்திருந்தது. உள்ளே இரண்டு பாதிகளுக்கும் நடுவில் இருக்கும் குழிவில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தது. "மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, கையில எடுத்தா எடை கம்மியா இருக்கும், அப்பப் பொளந்து பாத்துருவோம்" என்றார். அவர் விரலுக்குத் தெரிந்த அந்த எடை வித்தியாசம், நானும் இரண்டு பருப்புகளைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபடவே இல்லை. இப்படி வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கடை கொடுக்கும் கூலியும் எண்ணெய் விலையில் அடங்கியிருக்கிறது. அந்தப் பணத்தை நான் மனமாரக் கொடுக்கிறேன்.

இவ்வளவு நுணுக்கமாகப் பொறுக்குவது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அஃப்லாடாக்சின் ஒரு மூட்டை முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்க, ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும், அந்த ஒன்றிரண்டே மொத்த மூட்டையையும் வரம்புக்கு மேலே தள்ளிவிடப் போதும். அதனால்தான் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கைப்பிடி அளவு எடுத்தால் பயனில்லை. பன்னாட்டு உணவுத் தர விதிகள் நிலக்கடலைப் பருப்புக்கு 20 கிலோ அளவுக்கு மாதிரி எடுக்கச் சொல்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மேற்கொண்டு பதப்படுத்தப்படவிருக்கும் நிலக்கடலைக்கு விதித்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலைக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே அனுமதிக்கிறது. இவ்வளவு நுண்ணிய அளவை நாக்கோ மூக்கோ கண்டுபிடிக்க முடியாது. கசக்கும் கடலையைத் துப்பிவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் கசக்காத கடலை சுத்தமானது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கெட்ட பருப்பை ஒவ்வொன்றாக அகற்றுவதுதான், இயந்திரமானாலும் கையானாலும், கடைக்காரர் கையில் உள்ள வலுவான வழி.

பொறுக்காத கடலையைச் செக்கில் போட்டால் என்ன ஆகும்? நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும். ஒரு பகுதி எண்ணெயோடும், அதில் மிதக்கும் நுண்ணிய கசடோடும் வந்துவிடும். இங்கே ஓர் உண்மையை, செக்கு எண்ணெயை விரும்புகிறவன் என்ற முறையில், தயங்காமல் சொல்ல வேண்டும். ஆலைகளில் சுத்திகரிக்கும்போது காரம் சேர்ப்பதாலும், நிறம் நீக்கும் களிமண் வழியாக வடிகட்டுவதாலும் அஃப்லாடாக்சின் ஏறத்தாழ முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் அந்த இரண்டு கட்டமும் கிடையாது. மணத்தையும் வைட்டமின் ஈ போன்றவற்றையும் காப்பாற்றும் அதே எளிமை, கெட்ட கடலை உள்ளே போயிருந்தால் அதன் நஞ்சையும் காப்பாற்றிவிடும். எனவே பொறுக்காத கடலையில் ஆட்டிய செக்கு எண்ணெயைவிட, கடையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெயே இந்த ஒரு விஷயத்தில் கல்லீரலுக்குப் பாதுகாப்பானது. செக்கு என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆட்டிய எண்ணெயை அகலமான எவர்சில்வர் பாத்திரங்களில் ஊற்றி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மொட்டை மாடி வெயிலில் வைத்துக் கசடு இறங்கவிடுகிறார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள், சுத்திகரிக்காத கடலை எண்ணெயை வெயிலில் வைத்தால் அதிலுள்ள அஃப்லாடாக்சின் சிதைகிறது என்று 1970களிலேயே கண்டறிந்திருக்கிறார்கள் என்பதால், இந்தப் பழைய வழக்கத்தில் பொருள் உண்டு. ஆனால் துணி மூடிய ஆழமான பாத்திரத்தில் ஒளி எவ்வளவு உள்ளே போகும் என்ற கேள்வி இருக்கிறது. வெயில் அதிகமானால் எண்ணெய் காறவும் தொடங்கும். வெயிலைக் கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாமே தவிர, பொறுக்கும் வேலைக்கு ஈடாக அதைக் கருதக் கூடாது. கசடு இறங்கிய பிறகு மேலாக வடித்து, மூடி முத்திரையிட்ட பாட்டிலில் அடைத்து, ஆட்டிய தேதியையும் 14 இலக்க உரிம எண்ணையும் ஒட்டித் தருகிறார்கள். பாத்திரம் கொண்டு போனால் சில்லறையாக ஊற்றித் தருவதில்லை. சமையல் எண்ணெயைச் சில்லறையாக விற்பதற்குத் தடை இருப்பதால் அது சரியான நடைமுறைதான்.

விலையைப் பற்றிச் சொல்லும்போது கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்வது நல்லது. செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். நல்ல பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கு மட்டும் 300 ரூபாய் ஆகிவிடும். மிஞ்சும் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான புண்ணாக்கை விற்று ஐம்பது அறுபது ரூபாயைத் திரும்ப எடுத்தாலும், ஆள் கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை எல்லாம் அதற்கு மேல் இருக்கின்றன. இந்தக் கடையில் நான் கடைசியாகக் கொடுத்த விலை லிட்டருக்கு 320 ரூபாய், கணக்குக்கு ஒத்துவருகிறது. இதே பருப்பு விலை நிலவும் காலத்தில், மரச்செக்கு எண்ணெய் லிட்டர் 200 ரூபாய் என்று எங்காவது பலகை கண்டால், ஒன்று அதில் வேறு எண்ணெய் கலந்திருக்க வேண்டும், அல்லது பொறுக்கித் தள்ளப்பட்ட கழிவுக் கடலையில் ஆட்டியிருக்க வேண்டும். முன்னது பணத்துக்கு நட்டம். பின்னது உடம்புக்கும் சேர்த்து.

கூலிக்கு ஆட்டித் தரும் வசதியும் உண்டு. சொந்தக் காட்டில் விளைந்த கடலையைக் கொண்டு வருபவர்களிடமும் முதலில் ஈரம் பார்க்கிறார்கள், மேசையில் கொட்டி ஒரு முறை பொறுக்கச் சொல்கிறார்கள், பூஞ்சணம் பிடித்த கடலையாக இருந்தால் ஆட்ட மறுத்துவிடுகிறார்கள். ஒருவர் கொண்டுவரும் கெட்ட கடலையின் மிச்சம் செக்குக் குழியின் அடியில் தங்கி அடுத்தவர் எண்ணெயில் கலந்துவிடும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது சிறிய கடைக்கு எளிதல்ல. அந்த உறுதிக்காகவே இந்தக் கடைமேல் எனக்கு மதிப்பு கூடியது.

இப்போது குறைகள். பொறுக்கி எடுத்த சொத்தைக் கடலையும் பொக்கும் எங்கே போகின்றன என்று கேட்டேன். வியாபாரி ஒருவர் மாதம் ஒரு முறை வந்து மூட்டையாக எடுத்துக்கொண்டு போவார் என்றும், அதன் பிறகு என்ன ஆகிறது என்று தாங்கள் கேட்டுக்கொள்வதில்லை என்றும் பதில் வந்தது. என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு ஊர்க் கடலையின் நஞ்செல்லாம் திரண்டிருக்கும் மூட்டை அது. மலிவு எண்ணெய்க்கோ மாட்டுத் தீவனத்துக்கோ போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மாடு அதைத் தின்றால், அதன் கல்லீரல் அஃப்லாடாக்சின் பி1ஐ எம்1 என்ற வடிவமாக மாற்றிப் பாலில் அனுப்பிவிடும். பால் காய்ச்சினாலும் அது போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், 5.7 சதவீத மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது; தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன, வேறெந்த மாநிலத்திலும் எண்ணிக்கை இவ்வளவு இல்லை. தண்ணீர் கலந்த பாலுக்காகக் கவலைப்படும் நாம், இந்தத் தகவலைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். நல்ல எண்ணெயை ஒரு பாட்டிலில் கொடுத்துவிட்டு, அதற்காக விலக்கிய நஞ்சை வேறொரு வீட்டுக் குழந்தையின் பாலுக்கு அனுப்பிவைக்கும் வழியை இந்தக் கடை அடைக்க வேண்டும். செங்கல் சூளைக்கு எரிபொருளாகக் கொடுப்பதோ, எரித்துவிடுவதோ இயலாத காரியம் அல்ல. அதனால் லிட்டருக்குச் சில ரூபாய் ஏறினால் நான் கொடுக்கத் தயாராக இருக்கிறேன், கடைக்காரரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார். பொறுக்கிய கடலையில் ஆட்டிய புண்ணாக்கைத் தனியாக வைத்துக் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு விற்கிறார்கள், அது நன்று.

இரண்டாவது குறை, கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் இருக்கும் பொடிகள். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, சீந்தில் சேர்ந்த ஒரு கலவைக்கு "கல்லீரல் சுத்திப் பொடி" என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள். எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது உறையில் இல்லை. கீழாநெல்லிக்குப் பின்னால் உண்மையான ஆய்வு வரலாறு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் சென்னை ஆய்வாளர்களும் இணைந்து 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்த வைரஸ் உடலில் நிலைத்திருந்தவர்களில் 30 நாட்கள் கீழாநெல்லித் தூள் எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புறப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்துக்கொண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பெரும் நம்பிக்கையை ஏற்படுத்திய அந்த முடிவு பிற இடங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. அது வைரஸைப் பற்றிய ஆய்வும்கூட; உணவு நஞ்சைக் கழுவிவிடும் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. சீந்திலைப் பொறுத்தவரை, கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்கென்று அதைத் தொடர்ந்து குடித்தவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அளவு எழுதாத பொடியை, கல்லீரலின் பெயரால், நம்பிக்கையோடு வரும் மக்களிடம் விற்பது இந்தக் கடையின் மற்ற நேர்மைக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பொடிக்குக் கொடுக்கும் பணத்தை ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். ஷாங்காயில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கல்லீரல் புற்றுநோய்க்கான ஆபத்து அஃப்லாடாக்சின் மட்டும் உடலில் தென்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கும், ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கும், இரண்டும் சேர்ந்திருந்தவர்களுக்கு 60 மடங்கை ஒட்டியும் கூடியிருந்தது. 2011இல் இருந்து நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பெரியவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டதே இல்லை. கடலை எண்ணெயைப் பற்றிய மதிப்பீட்டில் தடுப்பூசிக்கு என்ன வேலை என்று தோன்றலாம், ஆனால் கடலையில் தப்பி வரும் நஞ்சின் வேகத்தைக் குறைப்பதற்கு நம் கையில் இருக்கும் உறுதியான வழி அதுதான்.

மூன்றாவது, பரிசோதனை அறிக்கை. பட்டத்துக்கு ஒரு முறையாவது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எண்ணெயையும் பருப்பையும் கொடுத்து அஃப்லாடாக்சின் அளவைப் பார்த்து, அந்தத் தாளைக் கடையில் மாட்டினால், பொறுக்கும் பெண்களின் உழைப்பு எவ்வளவு பயன் தருகிறது என்பது எல்லோருக்கும் தெரியவரும். செலவாகும் என்பதால் தள்ளிப்போடுகிறார்கள். இதைப் பெரிய குறையாக நான் எழுதவில்லை. இந்த அளவுள்ள கடைகளில் யாரும் செய்வதில்லை. ஆயினும், முதலில் செய்யத் தகுதியுள்ள கடை இதுதான்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். முழுப் பருப்பாக விற்கும் வறுத்த நிலக்கடலையைத் தாராளமாக வாங்கலாம், எண்ணெய்க்குப் பொறுக்கிய அதே மேசையிலிருந்து வருகிறது, கண்ணால் பார்த்தும் எடுக்கலாம். கடலை மிட்டாயையும் கடலைப் பொடியையும் வெளியிலிருந்து வாங்கி வைத்து விற்கிறார்கள். நொறுக்கிய கடலையில் நிறம் மாறியது தெரியாது என்பதால் நான் எடுப்பதில்லை. நல்லெண்ணெய் நன்றாகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்குக் கொப்பரை எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகச் சொல்லவில்லை, கொப்பரையும் பூஞ்சணம் பிடிக்கும் பொருள் என்பதால் அதைத் தவிர்த்தேன். வீட்டில் வறுக்காத நிலக்கடலைப் பருப்பு வைத்திருப்பவர்கள், ஈரக் கை படாத, காற்றுப் புகாத டப்பாவில், ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பருப்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கழுவிப் பயன்படுத்தாமல், ஒட்டிக் கிடந்தவற்றையும் சேர்த்துக் கொட்டிவிட வேண்டும், அதைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடக் கூடாது.

எண்ணெய் வாங்க ஏற்ற காலம் சித்திரையும் வைகாசியும். மார்கழிப் பட்டத்தில் தண்ணீர் பாய்ச்சி விளைந்த கடலை பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகக் காய்ந்து வருகிறது. ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலை அறுவடைக்கு வரும் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொள்ளும். முற்றும் தறுவாயில் செடி வறட்சியில் வாடியிருந்தால் மண்ணுக்குள் இருக்கும்போதே காய்க்குப் பூஞ்சணம் ஏறியிருக்கும். அந்தப் பட்டத்துக் கடலையில் தள்ளுபடி அதிகம் என்று பொறுக்குபவர்களே சொல்கிறார்கள். ஆகவே கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள், இப்போது ஆட்டுவது எந்தப் பட்டத்துக் கடலை என்று கேட்டுவிட்டு, பாட்டிலில் ஒட்டியிருக்கும் தேதியையும் பார்த்து, ஒன்றிரண்டு லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம்.